தம்பி வருகிற ரஷ்யப் படம்

நான் கோபக்காரன். இதை என் மனைவி சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். நானாகச் சொன்னால் அதில் கொஞ்சம் மரியாதை இருக்கிறது. ஒரு சினிமாப் படத்துக்காக ஒரு மனிதனோடு முப்பத்தைந்து வருடம் கதைக்காமல் இருந்திருக்கிறேன். அதுவும் தமிழ்ப் படம் என்றாலாவது பரவாயில்லை. ரஷ்யப் படம். குதிரை, துப்பாக்கி, ஓடுகிற ரயிலில் பாய்தல் எல்லாம் உள்ள, அமெரிக்கக் கௌபாய்ப் படங்களைப் பார்த்துச் சோவியத்துக்காரர் எடுத்த சாகசப் படம். கதாநாயகனின் தொப்பியில் மட்டும் சிவப்பு நட்சத்திரம் இருக்கும்.

அந்த மனிதனின் கடை பாரிஸில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலில், மெட்ரோ மேம்பாலத்தைத் தாண்டி இரண்டாவது திருப்பத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் வீடியோ கசெட் வாடகைக்குக் கொடுத்தான். பிறகு டெலிபோன் கார்ட் விற்றான். இப்போது வெகு காலமாகப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறான், கடிதம் எழுதிக் கொடுக்கிறான். விசா, வீடு, ஓய்வூதியம், எந்தப் பேப்பர் என்றாலும் சனம் அவனிடம்தான் போகும். நான் மட்டும் போகமாட்டேன். என் பேப்பர்களைத் தூக்கிக்கொண்டு நாங்கள் இருக்கிற பொபினியில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற புதுச்சேரிக்காரர் ஒருவரிடம் போவேன். அவர் ஒவ்வொரு படிவத்தையும் மூன்று தரம் வாசித்து, நான்காம் தரம் கண்ணாடியைத் தேடுவார். இருந்தாலும் அவரிடம்தான் போவேன்.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை, மனைவி லா சப்பலில் மரக்கறி வாங்கி வந்து, பைகளைக் குசினி மேசையில் வைத்தபடி சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, உங்கடை கூட்டாளி கடையைப் பூட்டிப்போட்டுக் கனடாவுக்குப் போறாராம். மகளோடை போய் இருக்கப்போறாராம்."

"எந்தக் கூட்டாளி?"

"முப்பத்தஞ்சு வருசமாக் கதைக்காத கூட்டாளி உங்களுக்கு எத்தினை பேர் இருக்கினம்?"

"எப்பவாம்?"

"மாசக் கடைசியிலை."

நான் பைக்குள் கையை விட்டு ஒரு முருங்கைக்காயை எடுத்து வளைத்துப் பார்த்தேன். "உது முத்தல். பாத்து வாங்கத் தெரியாதோ?" என்று சத்தம் போட்டேன். அவள் அதை என் கையிலிருந்து வாங்கி மற்றதுகளோடு வைத்தாள். முருங்கைக்காயில் ஒரு பிழையும் இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

போனால் போகட்டும், எனக்கென்ன என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு நாள் அப்படி நினைத்தேன். மூன்றாம் நாள் பல் தீட்டும்போது வேறு யோசனை வந்தது. இவன் என்னைப் பொய்யன் என்று நினைத்துக்கொண்டே விமானம் ஏறப்போகிறான். அவன் போனபிறகு இதை நான் யாரோடு தீர்ப்பது? போவதற்கு முதல் அந்தப் படத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து அவன் மேசையில் வைத்து, "இப்ப சொல்லடா, ஆர் பொய்யன்?" என்று கேட்க வேண்டும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது, வேறொன்றும் இல்லை.

அந்தச் சண்டையைச் சொல்லாவிட்டால் என்னைப் பைத்தியம் என்று நினைப்பீர்கள்.

பாரிஸுக்கு வந்த புதிதில் நாங்கள் எட்டுப் பேர் ஓர் அறையில் இருந்தோம். ஐந்தாம் மாடி, லிஃப்ட் இல்லை, ரீவியும் இல்லை. ஆறு நாளும் ரெஸ்டோரண்ட்களில் கோப்பை கழுவுவோம். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவு. அன்று மத்தியானம் ஆட்டிறைச்சி அடுப்பில் ஏறும். இறைச்சி அவிகிற நேரத்தில் ஒருவன் ஒரு படத்தைச் சொல்ல வேண்டும். பாட்டு, சண்டை, பின்னணி இசை உட்பட முழுப் படத்தையும் எழுத்தோட்டத்திலிருந்து சுபம் வரைக்கும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொருவனின் முறை. ஒரேயொரு சட்டம்தான் இருந்தது: சொல்கிறவன் முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசக் கூடாது. படம் பிழையாக இருந்தாலும் சரி, முடிந்த பிறகுதான் வாய் திறக்கலாம். அடிபிடிப்படுகிற எட்டுப் பேர் அந்த ஒரு சட்டத்தை மட்டும் மீறியதே இல்லை.

இப்போது கடை வைத்திருக்கிற அவன்தான் எங்களில் கெட்டிக்காரன். ஊரிலேயே கொஞ்சம் பிரெஞ்சு படித்துவிட்டு வந்தவன். அறையில் எல்லோருடைய அகதி விண்ணப்பத்தையும் அவன்தான் எழுதினான். கேஸ் எழுதுவது என்போம். யார் எந்த நாளில் எங்கே நின்றான், எந்தப் பாதையால் ஓடினான் என்று துருவித் துருவிக் கேட்டு, முன்னுக்குப் பின் முரணில்லாமல் எழுதுவான். அந்தக் கிழமை என் கேஸை எழுதிக்கொண்டிருந்தான். நானும் அவனும் ஒரே பாயில் படுத்தவர்கள். அவனுடைய சேர்ட்டை நான் போடுவேன், என்னுடைய சப்பாத்தை அவன் போடுவான்.

அந்த ஞாயிறு என் முறை. தமிழ்ப் படங்களை எல்லாம் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் அந்த ரஷ்யப் படத்தை எடுத்தேன்.

பள்ளிக்கூட நாட்களில், யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்துக்கு ஒரு வான் வண்டி வரும். கம்யூனிஸ்ட் கட்சிக்காரர் சிலர் மைதானத்தில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பொழுதுபட்ட பிறகு ரஷ்யப் படம் காட்டுவார்கள். படச்சுருள் தகரப் பெட்டிகளில் வரும். ஒரு சுருள் முடிந்ததும் லைட்டைப் போட்டு அடுத்த சுருளை மாட்டுவார்கள். ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கதையைத் தமிழில் சொல்வார். அவருக்கு ரஷ்யன் தெரியாது. கையில் ஒரு தாள் வைத்திருப்பார். இருட்டில் அதை எப்படி வாசித்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

நான் பார்த்த படத்தின் கதை இதுதான். மலைநாட்டில் ஒரு கொள்ளை நோய். செம்படை வீரன் ஒருவன் ஒரு மருந்துப் பெட்டியோடு குதிரையில் புறப்படுகிறான். பெட்டிக்குள் தங்கம் இருக்கிறது என்று நினைத்துக் கொள்ளைக்காரர் துரத்துகிறார்கள். ரயிலில் பாய்கிறான், பாலத்தில் தொங்குகிறான். பனி கொட்டுகிறது. முகம் முழுக்கத் தாடி வளர்ந்துவிட்டது. கடைசியில் சுடுகிறார்கள். பெட்டியோடு ஆற்றில் விழுகிறான். பெட்டியை ஓர் ஓடக்காரன் எடுக்கிறான். மைதானமே அழுதது. அப்போது லைட்டைப் போட்டு அடுத்த சுருளை மாட்டினார்கள். பார்த்தால், அதே முகம், தாடி இல்லை, நல்ல வெயில், அதே பெட்டி, அதே குதிரை!

இரட்டை வேடம்! எங்களுக்குச் சொல்லியா தரவேண்டும்? அண்ணன் செத்தால் தம்பி வரவேண்டும், அதுதானே சினிமா. மைதானம் முழுக்க விசில். மைக் பிடித்தவரும் ஒரு நிமிஷம் திணறிவிட்டு, "அண்ணன் விட்ட பணியைத் தம்பி தொடர்கிறான், தோழர்களே!" என்றார். தம்பி மலையடிவாரத்துக்குப் போய் மருந்தைக் கொடுக்கிறான். சனம் பிழைக்கிறது. குதிரையில் ஏறி மலையைப் பார்த்துப் போகிறான். படம் முடிந்தது. நாங்கள் கைதட்டினோம்.

இதைத்தான் அந்த ஞாயிறு சொல்லிக்கொண்டிருந்தேன். குதிரைச் சத்தம் எல்லாம் வாயால் போட்டு, ஆற்றில் விழுத்தி, மற்ற ஆறு பேரின் மூச்சையும் பிடித்து வைத்திருந்தேன். "அண்ணன் முடிஞ்சான். இனித்தானடா விஷயமே இருக்கு. இப்ப தம்பி வரப்போறான்" என்றேன்.

கெட்டிக்காரன் எழும்பினான். முதலில் தண்ணீர் குடிக்க எழும்புகிறான் என்று நினைத்தேன்.

"தம்பி வரமாட்டான்" என்றான்.

"பொறடா, நான் முடிக்கேல்லை."

"தம்பி எண்டு ஒருத்தனும் இல்லை! நானும் இந்தப் படம் பாத்தனான். ஒருத்தன்தான். அவன் செத்துப்போனான், அவ்வளவுதான். ஒரு படத்தையே ஒழுங்காச் சொல்லத் தெரியாத உனக்கு நான் என்னெண்டு கேஸ் எழுதுறது? உன்ரை கேஸும் இப்பிடித்தான் பொய். நீ ஒரு பொய்யன்!"

ஆறு பேரும் சிரித்தார்கள். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள். எனக்கு உடம்பு முழுக்கப் பற்றியது. அகதி விசாரணையில் ஒரு வெள்ளைக்காரன் மேசைக்கு முன்னால் இருந்து, நான் பட்டதை அவன் நம்புவானா மாட்டானா என்று பயந்து செத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில், என் கேஸ் எழுதுகிறவன், என் பாயில் படுக்கிறவன், பொய்யன் என்கிறான். நான் என் பேப்பர்களை எடுத்துக்கொண்டு இறங்கினேன். இறைச்சி தின்னவில்லை. வேறொருவரிடம் போய்க் கேஸ் எழுதினேன். அது சரிவந்தது. ஆனால் அவனோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

ஒரே இடத்தில் முப்பத்தைந்து வருடம் ஒருவனோடு கதைக்காமல் இருப்பது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். லா சப்பல் ஒரு கைப்பிடி இடம். மீன் கடையில் நிற்பான். சலூனில் பக்கத்துக் கதிரையில் இருப்பான். கலியாண வீடுகளில் அவன் எந்த மேசை என்று பார்த்துவிட்டுத்தான் நான் இருப்பேன். ஒருமுறை ரூ பஜோல் தெருவில் பிள்ளையார் தேர் இழுக்கும்போது திரும்பிப் பார்க்கிறேன், அதே வடத்தின் மற்றப் பக்கத்தில் அவன் இழுத்துக்கொண்டு வருகிறான். பிள்ளையாருக்கு முன்னால் கையை விடவும் முடியாது. இரண்டு பேரும் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு தெருமுனை மட்டும் இழுத்தோம்.

கசெட் காலத்தில் என் மனைவிதான் அவன் கடைக்குப் போவாள். "நல்ல கொப்பியாப் பாத்துத் தந்தவர், உங்களைச் சுகம் கேட்டவர்" என்பாள். நான் ரீவியின் சத்தத்தைக் கூட்டுவேன்.

சரி. படத்தைக் கண்டுபிடிக்கிற வேலை மகளிடம் போனது. அவளுக்கு இருபத்தெட்டு வயது. ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலை. நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள், இப்படித்தான் எங்கள் வீடு நடக்கிறது. படத்தின் பெயர் எனக்குத் தெரியாது. குதிரை, மருந்துப் பெட்டி, பனி, ஆறு, ஓடக்காரன் என்று சொன்னேன். அவள் டெலிபோனில் ஏதோ தட்டினாள். பத்து நிமிஷம் ஆகவில்லை. "இதுவா, அப்பா?" என்று காட்டினாள்.

அதே முகம். டெலிபோனை அவள் கையிலிருந்து வாங்கி ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.

பழைய படங்களைச் சும்மா பார்க்க விடுகிற ஓர் இணையத்தளம். கீழே பிரெஞ்சில் எழுத்து ஓடும். அந்த ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரீவியில் போட்டு மூன்று பேரும் பார்த்தோம். அவன் புறப்பட்டான், தாடி இல்லை. சரி. மலையடிவாரத்துக்கு வந்தான், வெயில், மருந்தைக் கொடுத்தான், சனம் பிழைத்தது. எனக்குக் குழப்பம். "தம்பி முந்திட்டான்" என்றேன். மிச்ச மருந்தோடு மலையைப் பார்த்துப் போனான். பனி வந்தது. தாடி வளர்ந்தது. சுட்டார்கள். ஆற்றில் விழுந்தான். ஓடக்காரன் பெட்டியைத் தூக்கினான். ரஷ்யனில் ஒரு சொல் வந்தது. முடிந்தது.

"தம்பி எங்கை?" என்றேன்.

"எந்தத் தம்பி?" என்றாள் மனைவி.

"வெட்டிப்போட்டாங்கள்! தம்பியை வெட்டிப்போட்டாங்கள்!"

மகள் படத்தைப் பின்னுக்கு இழுத்து, தாடி இல்லாத முகத்தையும் தாடி வைத்த முகத்தையும் நிறுத்தி நிறுத்திக் காட்டினாள். இரண்டு முகத்திலும் இடது புருவத்தில் அதே தழும்பு. "மே பப்பா, செ லெ மெம்!" என்றாள். ஒரே ஆள்தான் என்கிறாள். மனைவிக்கு வேறு கவலை. "அவ்வளவு தூரம் பெட்டியைக் கொண்டு போறவன் ஒரு கயிறு போட்டு உடம்போடை கட்டமாட்டானோ? விசரன்."

நான் இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன். இரண்டாம் முறையும் தம்பி வரவில்லை.

அப்படியென்றால் நான் பொய்யன்தானா? மைதானம் முழுக்க விசிலடித்ததே, அது எல்லாம் கனவா? அவ்வளவு சின்ன மனிதனாக நான் என்னை ஒருநாளும் உணர்ந்ததில்லை. படத்தின் கீழே பார்த்தவர்களின் கருத்துக்கள் வரிசையாக இருந்தன. யாராவது ஒருத்தனாவது, ரஷ்யனோ மங்கோலியனோ, இரட்டை வேடம் என்று எழுதியிருக்க மாட்டானா என்று வாசிக்கத் தொடங்கினேன். மகள் ரஷ்யன் கருத்துக்களை மெஷினால் பிரெஞ்சாக்கித் தந்தாள்.

ஒருவர், இதை அப்பாவின் தோளில் இருந்து பார்த்தேன், இன்றைக்கும் ஆறு வருகிற இடத்தில் கண்ணை மூடுவேன் என்று எழுதியிருந்தார். ஒருவர், நடிப்பில் குதிரைதான் முதலிடம், அதற்குத்தான் பதக்கம் கொடுத்திருக்க வேண்டும் என்றார். ஒருத்தி, பனி எல்லாம் உப்பு, என் பெரியம்மா அந்த ஸ்டூடியோவில் உப்பு மூட்டை தூக்கியவள் என்று எழுதியிருந்தாள். ஒரு பிரெஞ்சுக்காரன், விஸ்கியும் இல்லை, மாடும் இல்லை, கௌபாய் மருந்து கொண்டு போகிறான், இது என்ன வெஸ்டர்ன் என்று கேட்டு ஒரு நட்சத்திரம் போட்டிருந்தான். "உனக்கென்னடா தெரியும்!" என்று அவனுக்கு நான் தமிழில் சத்தமாகச் சொன்னேன். அமெரிக்கப் படத்தில் கௌபாய் தனக்காகச் சுடுவான், இதில் அவன் ஒரு தரம்கூடத் தனக்காகச் சுடவில்லை என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அது நல்ல கருத்து. கொள்ளைக்காரனின் கையில் இந்தக் காலத்து மணிக்கூடு இருக்கிறது, இல்லை என்று ஏழு பேர் அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். தம்பியைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை.

மகள் கீழே தள்ளிக்கொண்டு போனவள் திடீரென்று சிரித்தாள். "அப்பா, இதைப் பாருங்கள். சினிமாவுக்கு யார் இப்படிக் கருத்து எழுதுவார்கள்?" என்றாள் பிரெஞ்சில்.

பிரெஞ்சுக் கருத்துத்தான். முதல் வரியைப் பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டேன். "கீழே ஒப்பமிட்ட நான்" என்று தொடங்கியது. உலகத்தில் ஒரே ஒருவன்தான் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் இப்படித் தொடங்குவான். ஊரில் படித்த கொஞ்சப் பிரெஞ்சைக் கேஸ் எழுதி எழுதி வளர்த்தவன் அவன். அவனுக்கு வேறு பிரெஞ்சு தெரியாது.

"கீழே ஒப்பமிட்ட நான், இந்தப் படத்தைப் பதினான்கு வயதில், யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் பார்த்தேன் என்று சத்தியமாக உறுதி கூறுகிறேன். இப்போது நான்கு முறை மீண்டும் பார்த்துள்ளேன். கதாநாயகன் ஒருவனே. எனினும் பின்வருவதைக் கவனத்தில் எடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். என் நண்பர் ஒருவர் இதே படத்தை வேறு கிராமத்தில் பார்த்து, அண்ணன் தம்பி இருவர் என்று சாட்சி சொன்னார். ஆறு பேர் முன்னிலையில் நான் அவரைப் பொய்யர் என்றேன். ஒரு சாட்சியம் முரண்படுவதுபோல் தெரிந்தால் முதலில் பக்கங்களின் ஒழுங்கைப் பார்க்க வேண்டும் என்பது என் தொழில். அன்று நான் பார்க்கவில்லை. இந்தப் படம் மூன்று சுருள்களாக எங்கள் ஊர்களுக்கு வந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறினால் தாடி வைத்தவன் முதலில் சாவான், தாடி இல்லாதவன் பிறகு வருவான். ஆகவே என் நண்பரின் சாட்சியத்தில் முரண் எதுவும் இல்லை. அவர் கண்டதைச் சொன்னார். பொய்யர் என்ற சொல்லை நான் திரும்பப் பெறுகிறேன். தயவுசெய்து என் மேலான மதிப்பை ஏற்றுக்கொள்ளவும்."

நான்கு வருடத்துக்கு முன்னால் போட்டது. அதன் கீழே யாரோ ஒருவன், "ஐயா, இது சினிமாத் தளம், நீதிமன்றம் இல்லை" என்று எழுதியிருந்தான்.

மகள் என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். மனைவி வாசிக்கச் சொன்னாள். நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டுவிட்டு, "நாளைக்குக் கடை பூட்டு, செவ்வாய்க்கிழமை காலமை எட்டு மணிக்கே திறப்பார்" என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை எட்டரைக்கு அவன் கடையில் நின்றேன். பாதி சாமான் பெட்டிகளில் கட்டியாகிவிட்டது. சுவரில் பழைய படப் போஸ்டர்கள் இருந்த இடங்கள் மட்டும் வெளிறித் தெரிந்தன. எனக்கு முன்னால் ஒரு பெண் வீட்டு விண்ணப்பத்தோடு இருந்தார். நான் பிளாஸ்டிக் கதிரையில் முறைக்குக் காத்திருந்தேன். அவன் குனிந்து எழுதிக்கொண்டிருந்தான். உச்சியில் மயிர் இல்லை. ஒரே பாயில் படுத்தபோது அடர்ந்த தலை அது. அந்தப் பெண் நன்றி சொல்லிப் போனார்.

"அடுத்தது" என்றான், நிமிராமல்.

நான் போய் முன்னால் இருந்தேன்.

"என்ன அலுவல்?"

"ரெக்கூர் ஒண்டு எழுதவேணும்."

கேஸ் தள்ளுபடியானால் திரும்ப விசாரிக்கக் கேட்டுப் போடுகிற மனுவுக்கு நாங்கள் எல்லோரும் சொல்கிற சொல் அது. அவன் வெள்ளைத் தாளை எடுத்தான், பேனையைத் திறந்தான், பிறகு நிமிர்ந்தான். வெளியே மேம்பாலத்தில் மெட்ரோ போனது.

"ஆருக்கு எதிரா?" என்றான்.

"எனக்கு எதிராத்தான். எழுது. கீழே ஒப்பமிட்ட நான், ஒருத்தன்தான் எண்டு ஒத்துக்கொள்ளுறன்."

அவன் எழுதவில்லை. "படத்தைப் பாத்தியோ?"

"ரெண்டு தரம்."

"கீழை இருந்ததை வாசிச்சியோ?"

"வாசிச்சன். நாலு வருசமாப் போட்டு வைச்சிருக்கிறாய். ஊர் உலகமெல்லாம் பாக்கிற இடத்திலை எழுதத் தெரிஞ்ச உனக்கு, பஸ் ஏறி என்ரை வீட்டை வந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதோ?"

"வந்திருந்தாக் கதவைத் திறந்திருப்பியோ?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லை" என்றேன். அவன் தலையாட்டினான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்தியது. "அப்பிடி என்னடா செய்துபோட்டன்? ஒரு படம்தானே சொன்னனான். ஒருத்தரும் மீறாத சட்டத்தை மீறி, அவ்வளவு பேருக்கு முன்னாலை என்னைப் பொய்யன் எண்டனி. ஒரு தம்பி வந்தா உனக்கென்ன குறைஞ்சு போச்சு?"

அவன் பேனையை மூடி வைத்தான்.

"அதுக்கு முதல்நாள் எனக்குக் கடிதம் வந்தது" என்றான். "வீட்டிலையிருந்து. தம்பி இல்லையெண்டு."

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் எடுத்தது. அவனுக்கு ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரியும். படம்கூடக் காட்டியிருக்கிறான், சைக்கிளோடு நிற்கிற படம். பிறகு எங்கேயோ கேள்விப்பட்டேன் அந்தத் தம்பி உயிரோடு இல்லை என்று. எப்போது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. கதைக்காதவனைப் பற்றி எதற்குக் கேட்பது?

"சேர்ட் பொக்கெற்றுக்குள்ளை கிடந்தது" என்றான். "ரெண்டு நாள் போட்ட சேர்ட். நீ குதிரைச் சத்தம் போட்டுக்கொண்டு, தம்பி வரப்போறான், தம்பி வரப்போறான் எண்டு…"

"ஏன் சொல்லேல்லை?"

"எட்டுப் பேர் இருந்த அறை. எட்டுப் பேருக்கும் ஊரிலை தம்பிமார். ஞாயித்துக்கிழமை ஒருநாள்தான் எல்லாரும் சிரிக்கிறவை."

அந்தக் கடிதத்தைப் பொக்கெற்றில் வைத்துக்கொண்டு அன்றைக்கு இறைச்சிக்கு அவன் வெங்காயம் வெட்டிக் கொடுத்தது எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நான் முப்பத்தைந்து வருடம் வளர்த்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாய்விட்டு அழுதேன். இதில் வெட்கமில்லை. கடைக்குள் வர ஒரு பொடிச்சி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, "பார்தோன், அண்ணை" என்று மன்னிப்புக் கேட்டுத் திரும்பிப் போனாள். அவன் எழுந்து போய்க் கதவில் மூடியிருக்கிறது என்ற மட்டையைத் திருப்பித் தொங்கவிட்டான்.

திரும்பி வந்து இருந்தான். வெள்ளைத் தாளை மடித்து மேசை லாச்சிக்குள் போட்டான்.

"சரி, சொல்லு" என்றான்.

"என்னத்தை?"

"படத்தை. அண்டைக்கு நீ முடிக்கேல்லை."

"இப்பவோ? உனக்குத்தான் தெரியுமே. நாலு தரம் பாத்தனான் எண்டு நீயே எழுதியிருக்கிறாய்."

"அது என்ரை படம். நீ உன்ரை படத்தைச் சொல்லு மச்சான்."

தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன். கொள்ளை நோயைச் சொன்னேன். பெட்டியைச் சொன்னேன். அறுபத்துச் சொச்சம் வயதில் மேசையில் விரலால் தட்டிக் குதிரையை ஓட்டினேன். ரயில் வந்தது, பாலம் வந்தது, பனி கொட்டியது, தாடி வளர்ந்தது. அவன் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு கேட்டான். சுட்டார்கள். அண்ணனை ஆற்றில் விழுத்தினேன். ஓடக்காரன் பெட்டியை எடுத்தான்.

அந்த இடத்தில் நின்றேன். அன்றைக்கு அவன் எழும்பிய இடம் அது. அவன் எழும்பவில்லை. குறுக்கே ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் மேலே சொல்லாமல் இருப்பதைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"பிறகு?" என்றான்.

"பிறகு தம்பி வந்தான்" என்றேன்.

"ஓம்" என்றான். நான் மிச்சத்தைச் சொல்லி முடித்தேன்.